எங்கள் இடத்தில் நிற்கும் கார்

பத்தாகிவிட்டது, ஒருத்தரும் இறங்கி வரவில்லை, வராமலே இருக்கட்டும், இன்னும் அரை மணி நேரம் யாரும் வராமல் இருந்துவிட்டால் போதும். வாட்ச்மேன் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, எனக்கு மட்டும் ஒரு மேஜையும் போட்டு, அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். செயலாளர் என்றால் மேஜை உண்டு. ஐம்பத்து நான்கு வீட்டுக்குச் செயலாளர். கூட்டுறவுத் துறையில் இருந்த காலமெல்லாம் ஊரிலிருக்கும் சங்கங்களின் கூட்டங்களில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள், ஓய்வு பெற்ற கையோடு “சட்டதிட்டம் தெரிஞ்சவங்க நீங்கதான் மேடம்” என்று இதைத் தலையில் கட்டிவிட்டார்கள். தெரிந்துதான் தொலைத்திருக்கிறது. இந்தக் குடியிருப்பின் விதிகளை முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்களெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டீசைப் போல மடித்து எங்கேயோ வைத்துவிட்டார்கள். விதி இதுதான்: பொதுக்குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரர்கள் வேண்டும், பதினெட்டுத் தலை, அதுதான் கோரம். அரை மணிக்குள் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக அர்த்தம், உடனே அதே இடத்தில் மறுபடி கூடலாம், இருக்கிறவர்களே போதும். அதனால்தான் எவரும் பத்து மணிக்கு வருவதில்லை, பத்தரைக்குத்தான் லுங்கியை மாற்றவே ஆரம்பிப்பார்கள். ஆனால் அதற்கடுத்த வரியை யாரும் படித்ததில்லை. ஒத்திவைத்துக் கூடும் கூட்டத்தில் விதித் திருத்தம் எடுக்கக் கூடாது. மறுபடி நோட்டீஸ் விட்டு, மறுபடி நாள் குறித்து, ஆற அமர இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்றைக்கு எடுக்க வேண்டியது ஒரே ஒரு விதித் திருத்தம், அதைத் தட்டச்சு செய்து லிஃப்டுக்குள் ஒட்டியவளும் நான்தான். குடியிருப்பின் பொதுப் பகுதிகளில் சடலங்களை வைக்கக் கூடாது, லிஃப்டில் கொண்டு செல்லக் கூடாது. சடலங்களை என்று பன்மையில் போட்டிருக்கிறேன். எத்தனை வரும் என்று நினைத்தேனோ.

லிஃப்ட் கதவு திறக்கிறது, பால் பாத்திரத்தோடு யாரோ வெளியே போகிறார்கள், கூட்டத்துக்கு இல்லை. மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டில் என் கணவர் தணிகைவேல் படுத்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய தங்கை பாக்கியம் இருக்கிறாள். கீழே இறங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தார், தூக்கமா மயக்கமா என்று இப்போதெல்லாம் தெரிவதில்லை, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று போர்வையைத்தான் பார்க்கிறேன். “என்னாச்சு மேடம் சாருக்கு, ஆளையே காணோம்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது பொய் என்றும் சொல்ல முடியாது, கண்ணெல்லாம் மஞ்சள்தான். கல்லீரலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் இன்னும் யாரிடமும் வாயால் சொல்லவில்லை. பாக்கியத்திடம்கூட டாக்டர்தான் சொன்னார். எனக்கு அந்த வாக்கியம் வருவதில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த டாக்டர் சின்னப் பையன்தான், என் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, அவருக்குப் பிடிச்சதைக் குடுங்க.” பிடித்ததைக் கொடு என்றால் என்ன அர்த்தம் என்று அரசாங்க உத்தரவைப் படிக்கிற மாதிரி ஆட்டோவில் வரும் வழியெல்லாம் படித்துப் படித்துப் பார்த்தேன். கேட்டேன், என்ன வேணும்ங்க என்று. பன்னீர் சோடா என்றார். சேலையூர் முழுக்க அலைந்து ஒரு பெட்டிக் கடையில் வாங்கி வந்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு, “கேஸ் போயிடுச்சு சுகந்தி” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அலைந்தவள் நான், குறை மட்டும் உடனே சொல்லிவிடுவார்.

அந்தக் குணத்தால்தான் இந்தக் கார்ச் சண்டையும். என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, சாம்பல் நிறம், தலைவர் ஜெயச்சந்திரனின் இரண்டாவது கார். நிற்கும் இடம் எங்களுடையது. நாங்கள் காரை விற்ற பிறகு, “ரெண்டு நாளைக்கு மட்டும் சார்” என்று கொண்டுவந்து விட்டார், ஐந்து வருஷமாக அந்த இரண்டு நாள் முடியவில்லை. தணிகைவேல் விடுவாரா, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், சிவப்பு விழுந்தால் எதுவானாலும் நிற்க வேண்டும் அவருக்கு. மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து, கார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, முட்டி போட்டு உட்கார்ந்து தரையில் எங்கள் வீட்டு எண்ணை எழுதினார். சாயங்காலம் கார் வந்து அதன்மேலேயே நின்றது. என்னிடம் வந்து செயலாளர் என்ற முறையில் புகார் கொடுக்கிறேன் என்றார், சாப்பாட்டு மேஜையில், தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது. செயலாளர் தன் வீட்டுக்கே சலுகை எடுத்துக்கொள்கிறாள் என்று பேசுவார்கள் என்றேன். வக்கீலிடம் போனார். அவர் இன்னும் நல்ல செய்தி சொன்னார், கீழே இருக்கிற இடத்தைக் கட்டடம் கட்டியவன் தனித்தனியாக விற்கவே முடியாது, பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது எல்லோருக்கும் பொது என்று. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார், “எல்லாருக்கும் பொதுன்னா எனக்கும்தான? ஒரு நாளாவது எனக்கு அது கிடைக்கணுமா வேணாமா?” நான் சிரித்துவிட்டேன். அப்போது சிரிக்க முடிந்தது.

போன் அதிர்கிறது, எடுத்துப் பார்த்தால் குடியிருப்பு வாட்ஸப் குழு, யாரோ பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் போட்டிருக்கிறார்கள். பாக்கியம் இல்லை. பாக்கியம் என்றால் அழைப்பாள், செய்தி போடத் தெரியாது அவளுக்கு. லிஃப்ட் மறுபடி திறக்கிறது, இந்தத் தடவை ஜெயச்சந்திரன்தான், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, பின்னாலேயே முதல் மாடி ஷீபா, இன்னும் நான்கைந்து பேர். “குட்மார்னிங் மேடம். இன்னிக்கு விட மாட்டேன், வீடு வீடா கதவத் தட்டிட்டு வர்றேன்” என்கிறார். விட மாட்டாராம். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடம், கெட்டவராக இருந்திருந்தால் இந்நேரம் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். போன சித்திரையில் நான்காவது மாடி வேதமூர்த்தி சார் இறந்தபோது மகன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை ஐஸ் பெட்டியை இங்கேதான் வைத்திருந்தார்கள். ஜெயச்சந்திரனின் பேத்தி பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி, தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்தவள், பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி காய்ச்சல். அதற்கப்புறம் எவ்வளவோ நாள் இந்த வழியாக நடக்க மாட்டேன் என்று அழுவாள், தாத்தா அவளைத் தூக்கி, கண்ணைப் பொத்தி, லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோவார். நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு இருக்கிற பயம்தான் எனக்கும் இருக்கிறது, என் கண்ணைப் பொத்தத்தான் ஆளில்லை.

அந்த ஐஸ் பெட்டியைவிட எனக்கு லிஃப்ட்தான் பயம். நாலு பேர் நின்றாலே முட்டுகிற லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் எப்படிப் போகும். வேதமூர்த்தி சாரை நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். தணிகைவேல்தான் பின்னால் நின்று தலை சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருத்தர் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கதவு மூடாமல், ‘ப்ளீஸ் க்ளோஸ் த டோர், ப்ளீஸ் க்ளோஸ் த டோர்’ என்று லிஃப்டின் பெண் குரல் கத்திக்கொண்டே இருந்ததாம். லிஃப்டுக்குள் எதிரே கண்ணாடி. அதில் வேதமூர்த்தி சார் தன்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது என்று இவர் அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து சொன்னார். தலையைத் துவட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, “என்னை லிஃப்டுல உக்கார வெச்சுக் கொண்டு போயிடாத, படியில தூக்கிட்டு வரச் சொல்லு. கீழ நம்ம இடத்துலதான் படுக்க வெக்கணும், ஆமா. அந்தாளு காரை எடுத்துதான ஆகணும் அப்ப?” என்றார். சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு, தன் பேச்சைத் தானே ரசிக்கிற சிரிப்பு. உங்கள் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கத்தினேன். போன வாரம் நோயோடு படுத்துக்கொண்டு அதையே சிரிக்காமல் சொன்னார். “சொன்னது ஞாபகம் இருக்கா? நம்ம இடம்.” தலையை ஆட்டினேன். மறுநாள் ஜெயச்சந்திரன் இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தார், நான் வாங்கி, எழுத்துப் பிழை திருத்தி, தட்டச்சு செய்து, லிஃப்டில் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். உறுப்பினர் எழுதிக் கொடுத்தால் செயலாளர் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒட்டாமல் இருந்திருக்கலாம், ஒட்டினேன். இத்தனை வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. இந்த மாதிரி ஒரு விதியைப் போடச் சங்கத்துக்கு அதிகாரமே இல்லை, கோர்ட்டில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு எவள் கோர்ட்டுக்குப் போவாள். கேட்டில் நின்று வாட்ச்மேன், “தலைவர் வேணாம்னு சொல்லிட்டாரும்மா” என்றால் அதுதான் சட்டம் அன்றைக்கு. பிணம் என்று நினைத்துவிட்டேன். இப்போது நினைத்தேனே, அவரை, அப்படி.

நாற்காலி நகர்த்தும் சத்தம், ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், என்றைக்கும் வராதவர்களெல்லாம் வருகிறார்கள், மேலேயிருந்து கறிக்குழம்பு தாளிக்கும் வாசனையும் அவர்களோடு சேர்ந்து இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கறியை அடுப்பில் விட்டுவிட்டு இவர்கள் ஏன் வர வேண்டும். ஷீபா தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, “சார், இது கொஞ்சம் ஓவரா இல்ல? வீட்டுல ஒருத்தர் போயிட்டா எங்க வெப்பாங்க?” என்கிறாள். நல்ல பெண், இன்றிலிருந்து நல்ல பெண். “ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா எடுத்துட்டுப் போயிடலாமேம்மா. இப்ப யாரு வீட்டுல சாவுறாங்க?” என்கிறார் ஜெயச்சந்திரன். யார் சாகிறார்கள் வீட்டில். மூன்றாவது மாடிக்கு வந்து பாருங்கள் சார், பன்னீர் சோடாவில் கேஸ் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார். சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். சுவர்க் கடிகாரம் இங்கே இல்லை, போனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், பத்தரைக்கு இன்னும் கொஞ்சம்தான். ஜெயச்சந்திரன் எழுந்து, கல்யாணப் பந்தியில் இலை எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி எண்ணுகிறார். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள், அதை ஒன்றாகவே வைக்கிறார், தன்னையும் சேர்த்துக்கொள்கிறார், சரியாகத்தான் செய்கிறார். “பதினேழு” என்கிறார். மறுபடி எண்ணுகிறார். “பதினேழுதான். சே, ஒரு ஆளு கொறையுது. யாராவது மேல போன் போடுங்கப்பா.”

பதினேழு இல்லை. நானும் எண்ணிவிட்டேன், உதட்டை அசைக்காமல். மேஜைக்குப் பின்னால் இருக்கிறவளை அவர் எண்ணவில்லை. எப்போதும் எண்ணுகிறவள் நான், அதனால் என்னை எண்ணும் பழக்கமே யாருக்கும் இல்லை. தலைகளைப் பார்த்தாரே தவிர மேஜையைப் பார்க்கவில்லை. நானும் ஒரு வீடு, தணிகைவேல் வீடு, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தில்தான் இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் இருக்கிறேன். சும்மா இருந்தால் போதும், சுகந்தி, சும்மா இரு, வாயைத் திறக்காதே. பொய் சொல்லச் சொல்லவில்லை, விதியை மீறச் சொல்லவில்லை, தண்ணீர் குடி. பத்தரை ஆனதும் எழுந்து நின்று அந்த வரியைப் படித்துக் காட்டு, விதித் திருத்தத்தை இன்று எடுக்க இயலாது, அடுத்த பொதுக்குழுவில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான், தொழில் சுத்தமாக ஜெயித்துவிடலாம். அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் — அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அவரை இங்கே கிடத்தி, எடுத்து, கழுவிவிட்டும் இருப்பார்கள், பிறகு இவர்கள் என்ன தீர்மானம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அதற்குள் என்று எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஒரு கணக்கு போட்டேன், அது சரியாக வருகிறது, அவர் சீக்கிரம் போனால் சரியாக வருகிறது. சங்க நோட்டீசுக்கு முந்திக்கொண்டு போய்விடுங்கள் என்கிறேனா நான். ஒரு வேளை இழுத்துக்கொண்டு கிடந்தால், கடவுளே கிடக்கட்டும், பொங்கல் வரைக்கும் கிடந்தால், அடுத்த நோட்டீசைத் தட்டச்சு செய்யும்போது என்ன நினைப்பேன், இன்னும் போகவில்லையே என்றா? என்ன பெண் நான். யாரோ நான்காம் மாடிக்குப் போன் செய்கிறார்கள், எடுக்கவில்லை. “விடு சார், பத்தரைக்கு மேல இருக்கிறவங்கள வெச்சுப் போட்டுக்கலாம்” என்கிறான் ஒருத்தன், போட முடியாது என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் மட்டும் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், திருடி மாதிரி.

“பதினெட்டு” என்று ஒரு குரல். என்னுடையதுதான். ஜெயச்சந்திரன் திரும்பிப் பார்க்கிறார். “என்னை எண்ணலையே சார். நானும் ஒரு வீடு. கோரம் இருக்கு.” அவர் நெற்றியில் தட்டிக்கொண்டு, “அட ஆமா, உங்களையே விட்டுட்டேனே மேடம், சாரி சாரி” என்று சிரிக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கப் பார்க்கிறேன், உதடு ஒத்துழைக்கவில்லை. அவர் தீர்மானத்தைப் படிக்கிறார், நான் தட்டச்சு செய்த அதே வரிகள், எழுத்துப் பிழை இல்லாமல். கை தூக்குவதற்கு முன் யாராவது பேசணுமா என்று கேட்கிறார். எழுந்து நிற்கிறேன். சட்டம் பேசலாம் என்று வாய் வரை வருகிறது, இது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று ஆரம்பிக்கலாம், அந்த வாக்கியம் சரளமாக வரும் எனக்கு. இன்னொரு வாக்கியம்தான் வராது. மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன். “எங்க வீட்டுக்காரருக்கு காமாலை இல்லைங்க” என்கிறேன். நின்றுவிடுகிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷீபாவும் நிமிர்ந்துவிட்டாள். “கேன்சர். ஆஸ்பத்திரியில வெச்சுப் பிரயோஜனம் இல்லன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுலதான் இருக்காரு. வீட்டுலேர்ந்துதான் போவாரு. கீழ எங்க இடத்துல படுக்க வெக்கணும்னு கேட்டிருக்காரு. நான் சரின்னு தலையாட்டிட்டேன். குழந்தை பயப்படும், எனக்கும் தெரியும். அதுக்கு என்ன பண்ணலாம்னு சொல்லுங்க, அவள வேற வழியா கூட்டிட்டுப் போலாம், துணி கட்டி மறைக்கலாம், நானே பண்றேன். ஆனா இதுக்குக் கை தூக்கறவங்க மேல வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்குங்க.” உட்கார்ந்துவிடுகிறேன், நாற்காலி எங்கே என்று பார்க்காமல்.

ஒரு கையும் மேலே போகவில்லை. மேலே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கிறது. ஜெயச்சந்திரன் கையிலிருந்த தாளை மடிக்கிறார், இன்னும் சின்னதாக மடிக்கிறார், பாக்கெட்டில் வைக்கிறார். வேறு என்னமோ பாக்கெட்டில் தேடுகிறார். “எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்” என்கிறார். பிறகு என்னைத் தாண்டி நடக்கிறார், என் முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம், ரொம்ப நாள் ஓட்டாத இஞ்சின் இருமிவிட்டுப் பிடிக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். கார் மெதுவாகப் பின்னுக்குப் போகிறது, ஐந்து வருஷமாக எத்தனை சண்டைக்கும் இடத்தை விடாத கார். தரை தெரிகிறது. எண்ணெய்க் கறை, ஒரு தண்ணீர் பாட்டில் மூடி, அப்புறம் அந்த மஞ்சள் பெயிண்ட், முட்டி போட்டு உட்கார்ந்து அவர் எழுதிய எண், டயர் ஏறி ஏறித் தேய்ந்தும் படிக்கத்தான் முடிகிறது. ஜெயிச்சாச்சுங்க என்று மேலே ஓடிப் போய்ச் சொல்லலாம். கார் இன்னும் பின்னுக்குப் போகிறது, இடம் நீண்டுகொண்டே வருகிறது, இவ்வளவு பெரிய இடமா இது, சுத்தமாக, காலியாக, தயாராக. ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டலாம். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன், கார்க் கண்ணாடியை உள்ளங்கையால் அடிக்கிறேன், ஜெயச்சந்திரன் பயந்துபோய் பிரேக்கை மிதிக்கிறார். “வேணாம் சார், இப்ப வேணாம், எடுக்காதீங்க. உள்ள விடுங்க. அங்கயே நிக்கட்டும் சார், இன்னும் கொஞ்ச நாள் அங்கயே நிக்கட்டும்.”